வடிவு சொன்னது

நவமணி டீச்சரின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். பாடம் முடியும்வரை கை வெளியே வரக்கூடாது.

அது காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில், மூடிப்போன அரிசி ஆலைக் கட்டடத்தில், பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலோடு நடந்து வந்தது. அரைவட்டமாக, இரண்டு வரிசையில் நாற்காலிகள். நடுவில் டீச்சர். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவருடைய உதடு தெரிய வேண்டும், அதற்காக அப்படி.

காது கேட்காவிட்டாலும் பிள்ளை பேசும் என்பதுதான் நவமணி டீச்சர் பிடித்த பிடி. அவர் வடக்கே போய் அந்த முறையைப் படித்துவிட்டு வந்தபோது ஊரில் சிரித்தார்கள். அவர் ஒரு அறையில் பெரிய கண்ணாடி மாட்டினார். பிள்ளையின் ஒரு கையை எடுத்துத் தன் தொண்டையில் வைப்பார், இன்னொரு கையைப் பிள்ளையின் தொண்டையிலேயே வைப்பார். இங்கே அதிர்வது அங்கேயும் அதிர வேண்டும். 'ப' சொல்ல வைக்க உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடிப்பார். காகிதம் துள்ள வேண்டும். 'ம' சொல்லும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பார். ஓர் எழுத்துக்கு ஒரு மாதம்கூட ஆகும்.

ஊமை என்று எழுதி வைத்த பிள்ளைகள் "அம்மா" என்றார்கள். "தண்ணி" என்றார்கள். தாய்மார்கள் அந்தக் கண்ணாடி அறை வாசலில் நின்று அழுதார்கள். பிறகு மற்ற மாவட்டங்களிலிருந்து ஆசிரியர்கள் பார்க்க வந்தார்கள். கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தார்கள். அந்த முறையில் புதுப் பள்ளிக்கூடங்கள் தொடங்கினார்கள். "நவமணி முறை" என்ற பெயர் அப்படித்தான் வந்தது. டீச்சர் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பெயரை வைத்தவர் கோமதிநாயகம்.

கோமதிநாயகம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மகள் வடிவுக்குக் காது கேட்காது என்பது அவளுடைய மூன்றாவது வயதில் தெரிந்தது. காட்டாத வைத்தியர் இல்லை. கடைசியில் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். ஐந்து வயதில் ஒருநாள், அந்தக் கண்ணாடி முன்னால், வடிவு "அப்பா" என்றாள்.

அந்த வாரமே அவர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"கவர்மெண்ட் வேலையை விடாதீங்க சார்," என்றார் நவமணி டீச்சர்.

"விட்டாச்சு டீச்சர். எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுங்க."

வயதில் டீச்சர் அவரைவிட ஐந்தாறு வருஷம்தான் மூத்தவர். ஆனால் வெளியே யாரிடம் பேசினாலும் கோமதிநாயகம் அவரைத் தன் குரு என்றே சொல்வார். குருவைவிடக் கண்டிப்பான சிஷ்யராகவும் ஆனார். கையால் பேசினால் வாய்ப்பேச்சு வராது என்று, பிள்ளை கையை எடுத்தால் டீச்சர் ஸ்கேலால் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். கோமதிநாயகம் அதற்கென்றே ஒரு சோதனை வைத்தார். "கையை வெளியே எடுக்கலாம்" என்று உதட்டை அசைப்பார். நம்பி எடுத்த பிள்ளை அன்றைக்கு விளையாடப் போக முடியாது.

டீச்சர் எப்போதோ ஒரு தடவை அவரிடம் சொல்லியிருந்தார். "தேவை வந்தா பேச்சு வரும் சார். நாம முந்திக்கிட்டுப் புரிஞ்சுக்கக் கூடாது."

அதை அவர் வீட்டிலும் கடைப்பிடித்தார். வீட்டிலும் வடிவு கையைத் தூக்கக் கூடாது. மனைவி ஆவுடையிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். ஆவுடை சரி என்று சொல்லியிருந்தாள்.

*

வடிவுக்கு ஒன்பது வயதாகியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் நடக்கவிருந்த தம்பி மகளின் சடங்குக்காக ஆவுடை கடையநல்லூர் போயிருந்தாள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய அந்த வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

காலையில் வடிவு இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து வந்து அப்பா முன்னால் நின்றாள். இரண்டு கைகளையும் வயிற்றுக்கு நேரே வைத்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக் காட்டினாள்.

கோமதிநாயகம் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். உதடு தெரியும்படி அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"வாயால சொல்லு."

அவள் மறுபடியும் பிழிந்து காட்டினாள்.

"துணி துவைக்கணுமா? தண்ணியில விளையாடணுமா? எதுன்னாலும் வாயால சொல்லு."

"அப்பா," என்றாள் வடிவு.

"சரி, அப்பா. பிறகு?"

அவள் உதடுகள் குவிந்தன, விரிந்தன. ஏதோ ஒரு சத்தம் வந்தது. அது எந்தச் சொல்லாகவும் இல்லை. வலி, வயிறு என்ற சொற்களுக்கு அவள் வகுப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. லகரமும் றகரமும் அடுத்த வருஷப் பாடம்.

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். அவள் பின்னாலேயே வந்தாள். கையைத் தூக்கினாள். அவர் இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். அவர் மறுபடி இறக்கினார். ஒவ்வொரு தடவையும் அவருக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. இவ்வளவு அவசரம் இருக்கிறது, இன்றைக்கு ஒரு புதுச் சொல் வந்துவிடும் என்று நினைத்தார்.

கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தார். கைகளைத் தொடைக்கு அடியில் செருகினார். எதிரே இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தானும் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லு."

வடிவு முன்னால் மடங்கியபடி உட்கார்ந்திருந்தாள். "அப்பா, அப்பா, அப்பா" என்றாள். 'ப' நன்றாக வெடித்து வந்தது. அவருக்கு அது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மத்தியானம் அவள் வாந்தி எடுத்தாள். தொட்டுப் பார்த்தபோது உடம்பு கொதித்தது. வயிற்றில் கை வைத்ததும் அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். உடனே நர்ஸைக் கூப்பிட்டு ஆபரேஷன் அறையைத் தயார் செய்யச் சொன்னார். பிறகு கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"குடல்வால் வெடிச்சிருக்கு. எப்ப இருந்து வலி?"

"காலையில இருந்து இருக்கும்."

"பிள்ளை சொல்லலையா?"

கோமதிநாயகம் வடிவின் பக்கம் பார்த்தார்.

"சொன்னா டாக்டர்."

"பிறகு ஏன் இவ்வளவு நேரம்?"

அவர் பதில் சொல்வதற்குள் வடிவை உள்ளே கொண்டு போய்விட்டார்கள்.

*

பொழுது சாய்ந்தபோது டாக்டர் வெளியே வந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சீழ் உள்ளே பரவியிருந்தது, இரண்டு வாரமாவது படுக்கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கோமதிநாயகம் ஆவுடைக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் காலையில் நவமணி டீச்சர் வந்தார். முதல் பஸ்ஸில் ஏறி வந்திருந்தார். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் உங்க முறையிலதான் நடந்தேன். கொஞ்சம்கூடப் பிசகலை. என் பிள்ளை செத்துப் பிழைச்சிருக்கா. தப்பு முறையிலயா, என்கிட்டயா?"

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"கையில என்ன காட்டினா?"

அவர் பிழிந்து காட்டினார்.

"எங்க வச்சு?"

"இங்க. வயித்துக்கு நேர."

"எவ்வளவு நேரம்?"

"மத்தியானம் வரைக்கும்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பிழிஞ்சு காட்டினா வலின்னு அர்த்தம். எந்த இடத்துல வச்சுப் பிழியறாங்களோ அந்த இடத்துல வலி."

கோமதிநாயகம் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வார்டுக்குள் போனார். அவரும் பின்னால் போனார்.

வடிவு விழித்திருந்தாள். வலது கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கையை ஒரு கட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இன்னொரு கையால் குழாயைப் பிடுங்கப் பார்த்தாள் என்று, அதையும் துணியால் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள்.

டீச்சரைப் பார்த்ததும் அவள் உடம்பு வெடுக்கென்று அசைந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் கொண்டுபோகப் பார்த்தாள். கட்டு விடவில்லை. கம்பி ஆடியது. அவள் மறுபடியும் இழுத்தாள்.

நவமணி டீச்சர் போய் அந்தத் துணியை அவிழ்த்தார். அவிழ்த்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, விட்டார்.

வடிவு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த ஒரு கையை மெதுவாக, அரையடி தூக்கினாள். வயிற்றுக் கட்டைத் தொட்டாள். விரல்களை விரித்துக் காட்டினாள். தன் புறங்கையைக் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினாள். டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சர் அசையாமல் நின்றார். பிறகு அவருடைய கைகள் உயர்ந்தன.

காகிதத் துண்டு பிடித்தும், சாக்பீஸ் பிடித்தும், ஸ்கேல் பிடித்தும் அந்தக் கைகளைக் கோமதிநாயகம் பார்த்திருக்கிறார். இப்படிப் பார்த்ததில்லை. விரல்கள் மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டன, காற்றில் எதையோ வளைத்து எடுத்துக் கீழே வைத்தன. கொஞ்சமும் தடுமாறவில்லை. தாய்மொழியில் பேசுகிறவர் பேசுவதுபோல இருந்தது.

வடிவின் கண்கள் அகலமாயின. வாயைத் திறந்தபடி பார்த்தாள். அப்புறம் முகம் கோணி அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே அந்த ஒரு கையால் என்னென்னவோ சொன்னாள். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அவள் தூங்கும்வரை சொன்னார்.

கோமதிநாயகம் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

*

வெளியே வந்ததும் கேட்டார்.

"என்ன கேட்டா டீச்சர்?"

"வேண்டாம் சார்."

"சொல்லுங்க."

"கையைத் தூக்கினதுக்காகத்தான் வயித்தை வெட்டினாங்களான்னு கேட்டா."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "நீங்க என்ன சொன்னீங்க?" என்றார்.

"இல்லன்னு சொன்னேன். நம்பினாளான்னு தெரியலை."

வராண்டாவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு ஒரு தங்கச்சி உண்டு. எமிலி. பிறவியிலேயே காது கேக்காது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கைப்பேச்சு இருந்துது. யாரும் சொல்லிக்கொடுக்கலை. நாங்களா உண்டாக்கினது. விளக்கை அணைச்ச பிறகும் பேசுவோம். அவ உள்ளங்கையில நான் எழுதறது மாதிரி, என் உள்ளங்கையில அவ."

"நீங்க சொன்னதே இல்லையே டீச்சர்."

"சந்தைக்குப் போனா பயலுவ அவ பின்னாலேயே வருவானுவ. கையை ஆட்டிக்கிட்டு, குரங்கு மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு. முதல்ல சந்தைக்கு வர்றதை நிறுத்தினா. அப்புறம் சர்ச்சுக்கு. அப்புறம் வாசலுக்கே வர்றதில்லை. இனி ஒரு பிள்ளைக்கும் இந்தக் கை தேவைப்படக் கூடாதுன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் படிக்கப் போனேன்."

"படிச்சுட்டு வந்து?"

"வந்த அன்னைக்கு ஓடி வந்தா. ரெண்டு வருஷத்துக் கதையையும் ஒரே மூச்சுல கையால சொல்ல ஆரம்பிச்சா. நான் என் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். உதட்டை மட்டும் அசைச்சேன்."

"அவங்க?"

"என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நின்னா. இப்பத் தம்பி வீட்டுல இருக்கா, தூத்துக்குடியில. மாசா மாசம் போறேன். இன்னமும் அப்படித்தான் பார்க்கா."

கோமதிநாயகம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பிள்ளைங்க பேசறதும் உங்களுக்குத் தெரியுமா டீச்சர்? ஹாஸ்டல்ல ஒளிஞ்சு பேசிக்குவாங்களே?"

"எல்லாம் தெரியும். ஜன்னல் வழியாப் பார்த்துத்தானே பிடிச்சேன். எமிலி பேச்சு வேற, இவங்க பேச்சு வேற. ஆனாலும் பார்த்துப் பார்த்து வந்துட்டுது. நேத்து யார் யாரைத் திட்டினா, யாருக்கு வீட்டு நெனப்பு வந்து அழுதா, எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஸ்கேலை எடுத்துட்டு உள்ள போவேன்."

தப்பு யாரிடம் என்று அவர் முதலில் கேட்ட கேள்விக்கு டீச்சர் இன்னும் பதில் சொல்லவில்லை. அதை மறுபடி கேட்க அவருக்கு வாய் வரவில்லை. டீச்சர் எழுந்தார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க."

"இவளை விட்டுட்டா?"

"முடிஞ்சா வாங்க."

*

சடங்கு நடுவில்தான் தகவல் கிடைத்து, ஆவுடை மத்தியானம் வந்து சேர்ந்தாள். சடங்கு வீட்டுப் பட்டுச்சேலையை மாற்றாமல் வந்திருந்தாள். கணவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

வடிவு கையைத் தூக்கினாள். ஆவுடையும் தூக்கினாள்.

அவர்கள் பேசுவதைக் கோமதிநாயகம் வாசலில் நின்று பார்த்தார். ஆவுடை ஏதோ சொல்ல, வடிவு சிரித்தாள். சிரித்ததும் வயிறு இழுத்து முகம் சுளித்தாள். ஆவுடை அவள் நெற்றியைத் தடவிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் மனைவியிடம் கேட்டார்.

"எத்தனை நாளா?"

"என்னது?"

"இந்தக் கைப்பேச்சு."

"அவளுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சதுல இருந்து. நீங்க வீட்டுல இல்லாதப்ப பேசுவோம். உங்க செருப்புச் சத்தம் கேட்டா நான் அவ கையைத் தொடுவேன். நிறுத்திருவா."

அவள் குரலில் கோபம் தெரியவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆவுடையே சொன்னாள். "நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போங்க."

"நானும் இங்க இருக்கேன் ஆவுடை."

"இருந்து? அவகிட்ட என்ன பேசப்போறீங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

*

அவர் போய்ச் சேர்ந்தபோது முதல் பாடம் தொடங்கியிருந்தது. வடிவின் வகுப்பு. அரைவட்ட நாற்காலிகளில் பிள்ளைகள் கைகளை அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அவர் சுவரோரமாக நின்றார்.

நவமணி டீச்சர் நடுவில் நின்று உதட்டை அசைத்தார்.

"கையை வெளியே எடுங்க."

ஒரு பிள்ளையும் எடுக்கவில்லை.

டீச்சர் மறுபடி சொன்னார். பிள்ளைகள் டீச்சரைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் சுவரோரம் நின்ற கோமதிநாயகத்தைப் பார்த்தார்கள்.

அவருக்குத் தெரிந்தது. அந்தச் சோதனையை அவர்கள் மறக்கவில்லை. கடைசியில் இருந்த ஒரு சின்னப் பையன் கையைக் கொஞ்சம் உருவினான். பக்கத்தில் இருந்தவள் அவனை முழங்கையால் இடித்தாள். அவன் உடனே உள்ளே செருகிக்கொண்டான்.

"நான் வெளிய போயிரட்டுமா டீச்சர்?"

"இருங்க. நீங்க இருக்கும்போதே எடுக்கணும்."

டீச்சர் சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் இப்போது அவரைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் கைகளைத் தூக்கிப் பேச ஆரம்பித்தார்.

முதலில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார். பிறகு அவருடைய கைகள் ஒரு கட்டிலைக் காட்டின. படுத்திருக்கும் ஒரு பிள்ளையைக் காட்டின. வயிற்றின் குறுக்கே ஒரு கோடு போட்டன. கோட்டைத் தைத்தன. கோமதிநாயகத்துக்கு இவ்வளவுதான் பிடிபட்டது. மிச்சமெல்லாம் கண் முன்னாலேயே வேகமாக ஓடிப் போயிற்று.

வகுப்பில் ஒரு மூச்சுச் சத்தமும் இல்லை. டீச்சரின் வளையல் மட்டும் கிணுகிணுத்தது.

அவர் சொல்லி முடித்துக் கைகளை மடியில் வைத்தார். காத்திருந்தார். முன்வரிசையில் சுடலி என்று ஒரு பெண், வடிவுக்கு ரொம்பச் சிநேகிதம். அவள் ஒரு தடவை கோமதிநாயகத்தைப் பார்த்தாள். கண்ணை இறுக்க மூடினாள். மூடிய கண்ணோடு இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, வயிற்றுக்கு நேரே வைத்துப் பிழிந்தாள். அப்புறம்தான் கண்ணைத் திறந்தாள்.

அந்த ஒன்று மட்டும் அவருக்குப் புரிந்தது. வடிவுக்கு வலிக்கிறதா என்று கேட்கிறாள்.

டீச்சர் தலையசைத்தார். கையாலும் பதில் சொன்னார்.

பிறகு கைகள் ஒவ்வொன்றாக வந்தன. அப்புறம் எல்லாமே வந்தன. நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவன் கவனத்தை இன்னொருவன் இழுக்கத் தரையில் காலால் உதைத்தான். இடித்த பெண் அந்தச் சின்னப் பையனிடம் ஏதோ சொல்ல, அவன் அவளைவிட வேகமாகத் திருப்பிச் சொன்னான். பின்வரிசையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். இத்தனை வருஷம் அந்த வகுப்பில் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் காத்துக்கொண்டிருந்தோம் என்று கோமதிநாயகம் நினைத்துக்கொண்டார். சுவரை விட்டு அவரால் நகர முடியவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பிலிருந்து ஜெபமணி சார் ஓடி வந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தின் மூத்த ஆசிரியர். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன டீச்சர் இது?"

"வடிவைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க."

"அடுத்த மாசம் கேரளாவுல இருந்து வர்றாங்க. நம்ம முறையைப் பார்க்கணும்னு எழுதியிருக்காங்க."

"வரட்டும்."

"என்னத்தைக் காட்டுவீங்க?"

"தெரியலை சார்."

"அப்போ பேச்சுப் பயிற்சி? கண்ணாடி அறை?"

"அது அங்கேயேதான் இருக்கு. நான் பூட்டலை. இன்னைக்கு மூணு பிள்ளைங்களுக்குப் பயிற்சி இருக்கு, நீங்கதான் எடுக்கணும்."

ஜெபமணி சார் கொஞ்ச நேரம் பிள்ளைகளையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் வகுப்புக்குத் திரும்பிப் போனார்.

டீச்சர் தரையிலிருந்து எழுந்தார். முட்டி பிடித்துக்கொண்டது. கோமதிநாயகம் வந்து கைகொடுத்தார். இருவரும் கரும்பலகை ஓரமாக நின்றார்கள்.

"டீச்சர், நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை."

"என்ன கேட்டீங்க?"

"தப்பு முறையிலயா, என்கிட்டயான்னு."

டீச்சர் வகுப்பைப் பார்த்தார். பிள்ளைகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கடைசிப் பையன் இப்ப என்ன சொல்லுதான்?"

"தெரியலை டீச்சர்."

"சுடலி?"

அவர் சுடலியைப் பார்த்தார். அவள் கைகள் எதையோ அடுக்கின, கலைத்தன, மறுபடி அடுக்கின.

"தெரியலை."

டீச்சர் முன்னால் இருந்த காலி நாற்காலியைக் காட்டினார்.

"வடிவு வர இன்னும் ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் அவ இடம் சும்மாதான் கிடக்கு. போய் உட்காருங்க சார்."